கேட்கும்வரை கொடுக்காத தண்ணீர்

"நவம்பர் 11, திங்கள். 6.40 எழுந்தாள். 7.00 பால், ஒரு டம்ளர். 8.15 இட்லி இரண்டு. 10.30 தண்ணீர், முக்கால் டம்ளர். 10.50 பாத்ரூம். 12.45 ரசம் சோறு, முட்டை. 2.15 தண்ணீர், அரை டம்ளர். அழவில்லை. தொந்தரவு இல்லை."

என் நோட்டில் உள்ள ஒரு நாளின் பதிவு இது. இதே போன்ற பதிவுகள் இரண்டு வருடத்துக்கும் மேலாக, ஒரு நாள் விடாமல் இருக்கின்றன. எழுந்தவள் என் மகள் ரெஜினா, வீட்டில் ரெஜி. அப்போது அவளுக்கு ஐந்து வயது. அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் ஜவ்வாது மலையில் ஒரு கிளை அஞ்சலகத்தின் போஸ்ட்மாஸ்டர். பிறந்து வளர்ந்தது கலசப்பாக்கம் பக்கம். கல்யாணமாகி இந்த வேலை கிடைத்த பிறகுதான் மலைக்கு வந்தேன். எங்கள் வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். காலையில் முதல் வேலை, முத்திரையில் நேற்றைய தேதியை எடுத்துவிட்டு இன்றைய தேதியைப் பொருத்துவது. பஸ் வந்தால் தபால் பை வரும். பென்ஷன் வாங்க வருகிறவர்கள் வெயிலேறும் முன் வந்துவிடுவார்கள். இரண்டு மணிக்குப் பையைக் கட்டி அரக்கு வைத்தாக வேண்டும். இதற்கு நடுவில் குழந்தையைப் பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி நேரம் வகுத்துக்கொள்வது. பத்தரைக்குத் தண்ணீர் என்றால் பத்தரைக்குத் தண்ணீர். ரெஜி பின்னறையில் உட்கார்ந்து அரக்கு டப்பாவின் மூடியைச் சுழற்றிக்கொண்டிருப்பாள். பென்ஷன் வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னா நல்ல புள்ள, வாயே தொறக்கறதில்ல" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள்.

என் கணவர் அந்தோணி லோடு வண்டி ஓட்டுகிறார். மலையிலிருந்து சாமையும் புளியும் ஏற்றிக்கொண்டு இறங்குவார், மளிகையோடு ஏறுவார். நான் கவலைப்படும்போதெல்லாம், "எங்க பெரியப்பா ஆறு வயசுலதான் பேசினாராம். அப்பறம் அவரு வாய மூட ஆளு வெச்சாங்க, போ" என்று சிரிப்பார். சிரித்து முடித்த பிறகு ரெஜியின் பின்னால் போய் நின்று கை தட்டிப் பார்ப்பார். அவள் திரும்பமாட்டாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் கொசு அடித்தது போலக் கையைத் தேய்த்துக்கொள்வார்.

டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை, கீழே நகரத்தில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு முதல் முறையாகப் போனோம். பெயர் இங்கே வேண்டாம். லோடு வண்டியின் முன் சீட்டில் ரெஜியை மடியில் வைத்துக்கொண்டு வளைவுகளில் இறங்கினேன். டோக்கன் 64. நீளமான ஹால், வரிசையாக நாற்காலிகள், மேலே எட்டு மின்விசிறிகள். ரெஜி அவற்றைப் பார்த்துக்கொண்டே நாலு மணி நேரம் இருந்தாள். எங்கள் வீட்டில் ஒரு மின்விசிறிதான் உண்டு. இத்தனையை ஒரே கூரையில் பார்த்ததில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை அந்த ஹாலில் வேறு யாருடைய முகத்திலும் நான் பார்க்கவில்லை.

அன்று நடந்த சோதனைகளில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அதைப் பெரா என்கிறார்கள். தூக்க மருந்து கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன ஒயர்களை ஒட்டி, காதுக்குள் டக் டக்கென்று ஒலி விடுவார்கள். அந்த ஒலி காதைத் தாண்டி மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்பதை மெஷின் கோடுகளாகக் காட்டும். குழந்தை பதில் சொல்ல வேண்டியதே இல்லை. கதவுக்கு வெளியே நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். என்ன ஜெபித்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று வரட்டும் என்று ஜெபித்தேன். காது கேட்காவிட்டால் மெஷின் மாட்டலாம். மாட்டினால் என் குரல் அவளுக்குக் கேட்கும். கேட்டால் ஒரு நாள் கூப்பிடுவாள்.

காது நன்றாகக் கேட்கிறது என்று ரிசல்ட் வந்தது. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டார். நான் போட்டுக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா பேப்பரில் படம் போட்டு விளக்கினார். இது நோய் அல்ல, மாத்திரையில் போகிற விஷயமும் அல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள ஒரு வேறுபாடு. பார்ப்பதும் கேட்பதும் எல்லாம் உள்ளே போகிறது. ஆனால் அதை இன்னொரு ஆளோடு பகிர்ந்துகொள்ளும் வழி இந்தக் குழந்தைகளுக்குத் தானாக அமைவதில்லை, கட்டிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஆட்டிசம் என்று பெயர். மன இறுக்கம் என்று சில புத்தகங்களில் படித்திருக்கிறேன். எட்டு மின்விசிறிகளைப் பார்த்துச் சிரித்த பிள்ளைக்கு அந்தச் சொல் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. தாயிடம் பாசம் குறைவதால் வருகிறது என்றும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறார்கள், பிறகு அது தவறென்று விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தும் அந்த வரி எனக்குள் எங்கோ உட்கார்ந்திருந்தது.

"என்னைக் கூப்பிடுவாளாங்க?" என்று கேட்டேன்.

"அத இப்ப சொல்ல முடியாதும்மா. மூணு வாரம் இங்க வந்து தங்குங்க. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து கத்துக்கணும்" என்றார்.

பொங்கல் முடிந்து ஜனவரி 20, திங்கள்கிழமை தங்கப் போனோம். ஆபீசை அந்தோணியின் தங்கை ரோஸி பதிலாளாகப் பார்த்துக்கொண்டாள். முத்திரையில் தேதி மாற்ற மறக்காதே என்று மூன்று முறை சொன்னதில் அவளுக்குக் கோபம். "அண்ணி, தேதி என் வூட்டு காலண்டர்லயும் மாறுது. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். ஆனால் தினமும், இன்றைய முத்திரை சரியா பாருங்கள் என்று போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள். நான் கேட்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வரிசையாகச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஓர் அம்மா, ஒரு பிள்ளை. பக்கத்து அறையில் சித்தூர்ப் பக்கத்து லட்சுமி, பத்து வயது மகனோடு இருந்தார். அவர் பேசுவது பாதி தெலுங்கு, பாதி தமிழ். அந்தப் பையன் காலையிலிருந்து மாலை வரை டிவி விளம்பரங்களை அப்படியே சொல்லுவான். பற்பசை, சிமெண்ட், நகைக்கடை எல்லாம். கேட்ட குரலிலேயே சொல்லுவான். முதல் நாள் எனக்குத் தாங்க முடியாத பொறாமை.

"உங்களுக்கு இன்னா கவல? இவ்ளோ பேசறான்" என்று சொல்லிவிட்டேன்.

லட்சுமி அரிசி களைந்துகொண்டே, "அவுனு, ஆமா. சிமெண்ட்டு பேரு நாலு தெரியும் அவனுக்கு. என் பேரு தெரியாது. முள்ளு குத்தினாகூட என்ன கூப்புடமாட்டான் மேடம். நின்ன எடத்துலயே நகைக்கடை சொல்லி அழுவான்" என்றார்.

அன்றுதான் எனக்குப் பேசுவது வேறு, கூப்பிடுவது வேறு என்று புரிந்தது. ஐந்து வருடமாக நான் ஏங்கியது பேச்சுக்கு இல்லை. நான் இல்லாத இடத்தில் நான் வேண்டும் என்று அவளுக்குத் தோன்ற வேண்டும். அதை அவள் எப்படியாவது எனக்குத் தெரியப்படுத்த வேண்டும். அவ்வளவுதான்.

மறுநாள் பயிற்சியாளர் சுகந்தியிடம் என் நோட்டைக் கொடுத்தேன். முப்பது வயது இருக்கும், வேகமாகப் பேசுகிற பெண். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"யாரும்மா எழுதினது? அச்சடிச்ச மாதிரி இருக்குது."

"நான்தாங்க."

"ஒரு நாள்கூட விடல."

"விடமாட்டேங்க." எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னும் சில பக்கங்கள் புரட்டினார். "இதுல ரெஜி எங்கயாவது கேட்டிருக்காளா?"

"எத்த?"

"தண்ணி. சோறு. ஏதோ ஒண்ணு."

"கேக்கற வேலையே இல்லீங்க. அதுக்கு முன்னயே நேரத்துக்குக் குடுத்துடுவேன்."

சுகந்தி நோட்டை மூடி என் கையில் வைத்தார். "பத்தரைக்கு நீங்க குடுத்துட்டா, அவளுக்கு எப்பம்மா தாகம் எடுக்கும்? தாகமே எடுக்காத பிள்ள யாரக் கூப்புடும், எதுக்குக் கூப்புடும்?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கும். உடனே, "உங்களால வந்தது இல்லம்மா இது. நல்லாக் கேட்டுக்கங்க. நீங்க நோட்டு எழுதினாலும் எழுதாட்டியும் அவ ஆட்டிசத்தோடதான் பொறந்திருப்பா. ஆனா கூப்புடறதுக்கு ஒரு எடம் வேணுமில்ல? நீங்க எல்லா எடத்தையும் ரொப்பி வெச்சிருக்கீங்க" என்றார்.

அன்று மாலையே பயிற்சி தொடங்கியது. பாட்டிலை அவள் பார்க்கும்படி, எட்டாத உயரத்தில் அலமாரியில் வைக்க வேண்டும். நான் கீழே, அவள் முகத்துக்கு நேராக உட்கார வேண்டும். அவள் வந்து நின்றால் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். ஏதாவது செய்தால் உடனே எடுத்துத் தர வேண்டும். ஒன்றும் செய்யாவிட்டாலும் பத்து முடிந்ததும் தந்துவிட வேண்டும். பட்டினி போடுவதோ தாகத்தில் விடுவதோ இல்லை. பத்து எண்ணுவது மட்டும்தான். பத்து என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

முதல் மூன்று நாள் அவள் பாட்டிலைப் பார்த்தாள், போய்விட்டாள். நாலாம் நாள் தரையில் உட்கார்ந்து தலையைச் சுவரில் மோதினாள். நான் நாலு வரைகூட எண்ணவில்லை. பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு சுகந்தியிடம் போய்ச் சத்தம் போட்டேன். "தண்ணிக்காகத் தலைய ஒடைச்சிக்குது புள்ள! இதுக்கா மலையிலேர்ந்து எறங்கி வந்தோம்?" அவர் கோபப்படவில்லை. பாட்டிலை அலமாரியில் இரண்டு தட்டு கீழே இறக்கி வைக்கச் சொன்னார். சுவர்ப் பக்கம் தலையணை வைக்கச் சொன்னார்.

தங்க வந்த ஒன்பதாம் நாள், ஜனவரி 28, ரெஜி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என் கையைப் பாட்டிலின் மேல் வைத்தாள். சுகந்தி கை தட்டினார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் அல்ல. என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கொக்கியை எடுத்து மாங்காய் பறிப்பது போல என் கையை எடுத்துத் தண்ணீர் பறித்தாள்.

"கொக்கி வேணும்னு தெரிஞ்சிருக்குதில்ல, அது எவ்ளோ பெரிய விஷயம்!" என்றார் சுகந்தி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தோணி வருவார். இரண்டாவது ஞாயிறு வந்தபோது எங்கிருந்தோ ஒரு பழைய டேபிள் ஃபேன் வாங்கி, ஒயரையும் கம்பி வலையையும் கழற்றி, ஓரங்களை அரத்தால் ராவி மழுங்கச் செய்து, றெக்கையைக் கையால் சுழற்றும்படி மாற்றிக் கொண்டுவந்திருந்தார். ரெஜியின் முன்னால் வைத்துவிட்டு பக்கத்தில் படுத்துக்கொண்டார். அவள் சுழற்றினாள். நின்றதும் அவர் கையை எடுத்து றெக்கையில் வைத்தாள். அவர் ஒருமுறை சுழற்றிவிட்டு என்னைப் பார்த்து, "பிலோமி, என்ன வேலைக்கு வெச்சிகிச்சு பாரு உன் பொண்ணு" என்றார். இல்லாத இருமலை இருமிவிட்டு மறுபடி சுழற்றினார்.

பதினேழாம் நாள் அது நடந்தது. பதினாறாம் நாள் என்று முன்பு சிலரிடம் சொல்லியிருக்கிறேன்; பதினேழு, பிப்ரவரி 5, புதன் என்பதே சரி. பாட்டிலைப் பார்த்தாள். என் கையைப் பிடிக்க வந்தவள் பாதியில் நின்றாள். நான் ஆறு எண்ணியிருந்தேன். என் கண்ணைப் பார்த்தாள். மறுபடி பாட்டிலைப் பார்த்தாள். அரை நொடி இருக்கும். பால் குடித்த நாட்களுக்குப் பிறகு அவள் என் கண்ணைத் தேடிப் பார்த்தது அதுதான் முதல் முறை என்று எழுதினால் மிகையாகாது. நான் தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். முக்கால் டம்ளரா, அரை டம்ளரா என்று கவனிக்கவில்லை.

பிப்ரவரி 8, சனிக்கிழமை கிளம்பும்போது சுகந்தி சொன்னது: "இப்ப நீங்க பக்கத்துல இருக்கீங்க, கையப் புடிக்கறா, பாக்கறா. ஆள் தள்ளி இருந்தா கையும் எட்டாது, கண்ணும் எட்டாது. அப்பதாம்மா குரலுக்கு வேலை. வீட்டுல அவளப் பாத்துக்க ஒரு ஆள வெச்சிட்டு, நீங்க கொஞ்சம் தள்ளி இருந்து பழகுங்க. கூப்புடுவான்னு நான் உறுதி சொல்லல. கூப்புடறதுக்கு எடம் விடுங்க."

தள்ளி இருப்பது எப்படி என்று தெரியாமல் ஒரு மாதம் போனது. ஆபீஸ் முன்னறை, அவள் பின்னறை. ஐந்தே எட்டு வைக்கும் தூரம்தான். வழி காட்டியது எதிர்வீட்டுக் குப்பம்மாக்கா. மலைக்காரர், எங்களுக்குக் கீழே இருக்கும் சரிவில் அவருக்குப் புளியமரங்கள் உண்டு. மார்ச் மாதம் புளி உலுக்குகிற காலம்.

"வா போஸ்டம்மா. ரெண்டு மணிக்குப் பைய கட்டிட்டு வூட்டுக்குள்ளயே இன்னா பண்ணிகினு கீற? புள்ளய எடுத்துகினு தோப்புக்கு வா. நான் மேல இருந்து பாத்துக்கறேன், நீ கீழ பொறுக்கு" என்றார்.

சரிவின் மேல் ஓர் அகலமான பாறை. ரெஜியும் குப்பம்மாக்காவும் அதில். நான் முப்பது அடி கீழே, மரத்தடியில். இன்னும் கீழே நாலைந்து பெண்கள். இங்கே யாரும் சரிவில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயர் பாறையில் பட்டுக் கலைந்துவிடும். ஊ... என்று நீட்டிக் கூவுவார்கள். கேட்டவர் திருப்பிக் கூவ வேண்டும். திருப்பிக் கூவாவிட்டால் ஏதோ ஆகிவிட்டது என்று ஆள் தேடி வந்துவிடும். வந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால் திட்டு விழும். மலைக்கு வந்த இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கூவியதில்லை. கீழ்நாட்டுக்காரி, படித்தவள், போஸ்ட்மாஸ்டர் என்று ஒரு வெட்கம். யாராவது கூவினால் கையை ஆட்டுவேன். அவர்களும் பழகிவிட்டார்கள்.

ரெஜி முதல் நாட்களில் ஒவ்வொரு கூவலுக்கும் அரக்கு டப்பா மூடியைச் சுழற்றுவதை நிறுத்துவாள். பெயர் சொன்னால் திரும்பாத பிள்ளை, சத்தம் வந்த பக்கம் தலையைச் சாய்ப்பாள். அதைக் குப்பம்மாக்காதான் எனக்குக் காட்டினார். "உன் பொண்ணுக்கு எங்க பாஷ புரியுது, உன் பாஷதான் புரியல" என்று கேலி செய்தார்.

மார்ச் 12, புதன்கிழமை. தவக்காலம் தொடங்கி ஒரு வாரம். மாலை நாலு மணி பத்து நிமிடம். அப்போதுதான் மணி பார்த்திருந்தேன். குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். மேலிருந்து ஒரு கூவல் வந்தது. நீளமாக இல்லை. தொடங்கி, உடைந்து, மறுபடி கொஞ்சம் வந்து நின்றது. அப்படி ஒரு கூவலை அந்தச் சரிவில் நான் கேட்டதில்லை.

நான் திருப்பிக் கூவினேன். யோசிக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. கூடையைப் போட்டுவிட்டு, கூவிக்கொண்டே ஏறினேன். கீழே பெண்கள் சிரிப்பது கேட்டது. "ஏய், போஸ்டம்மா கூவுதுடி! நரியே தோத்துது போ!" என்றாள் ஒருத்தி.

பாறையில் ரெஜி விளிம்பிலிருந்து தள்ளி, சரிவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. டப்பா மூடி கீழே கிடந்தது. தண்ணீர் பாட்டில் அவள் காலடியில், நிரம்பியபடி. நான் பக்கத்தில் போய் மண்டியிட்டதும் என் தோளில் நெற்றியை ஒருமுறை முட்டினாள். பிறகு உட்கார்ந்து மூடியைச் சுழற்ற ஆரம்பித்தாள். குப்பம்மாக்கா நாலடி தள்ளி, முதுகைக் காட்டிப் புளி உடைத்துக்கொண்டிருந்தவர், மூச்சிரைக்க நிற்கும் என்னை அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"யாருக்கா கூவினது?"

"நான் கூவல. உன் பொண்ணுதான். எனக்குப் பின்னாலேர்ந்து வந்துச்சு சத்தம்."

"பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா வேற யாரு கீறாங்க இங்க?"

வேறு யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. பாறைக்கு மேலே, மேட்டின் அந்தப் பக்கம், செவந்தி என்ற பெண் அன்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளிடம் போய்க் கேட்டேன். "கூவியிருப்பேன் போஸ்டம்மா. ஆட்டுக்கு ஒரு நாளைக்கு நூறு வாட்டி கூவறேன், எத்தன்னு நெனப்பு வெச்சிப்பேன்?" என்றாள். கீழே இருந்த பெண்களில் இருவர் அது செவந்தி குரல்தான் என்கிறார்கள். ஒருத்தி, செவந்தி அப்படி உடைத்துக் கூவமாட்டாள் என்கிறாள். அந்தோணி யாரையும் கேட்கவில்லை. அவர் அது ரெஜி என்று முடிவு செய்துவிட்டார். போளூர் வரைக்கும் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு இதை எழுதும் இன்றுவரை ரெஜி கூவியதை நான் கேட்கவில்லை. தோப்புக்கு விடாமல் போகிறோம். மார்ச் 12 அன்று மாலை நாலு பத்துக்குப் பாறையின் பக்கமிருந்து வந்த குரல் யாருடையது என்பது உறுதி செய்யப்படவில்லை.